குறுக்குத் தெருவுக்குக் கேமரா. பிரதான சாலைக்கு என்ன?

லண்டனின் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றின் முனையில் இப்போது ஒரு வட்டப் பலகை நிற்கிறது. சிவப்பு வளையம், அதற்குள் ஒரு காரின் படம், அதன் மேலே ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் வாகனங்கள் நுழையக் கூடாது என்பது பொருள். பக்கத்தில் பெரிய மரத்தொட்டிகளில் செடிகள் வளர்கின்றன. கம்பத்தின் உச்சியில் ஒரு கேமரா. நிறுத்திக் கேட்கப் போலீஸ்காரர் இல்லை, குறுக்கே தடுப்புக் கதவும் இல்லை. தெரிந்தோ தெரியாமலோ காரை உள்ளே விட்டவரின் வீட்டுக்குச் சில நாட்களில் கடிதம் வந்துவிடும். அபராதம் 160 பவுண்டு, அதாவது 18,000 ரூபாய்க்கு மேல். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். 2025 ஏப்ரலுக்கு முன்பு இது 130 பவுண்டாக இருந்தது.

இந்தக் கேமராக்கள் தேவை. அவை உடலையும் உயிரையும் காக்கின்றன என்பதற்கு இன்று போதிய சான்று இருக்கிறது. ஆனால் அவற்றை வைத்த உள்ளாட்சி மன்றங்களில் பல, வேலையைப் பாதியில் விட்டுவிட்டன. குடியிருப்புத் தெருவிலிருந்து காரை வெளியேற்றியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன. அந்தக் கார் போய்ச் சேரும் பிரதான சாலையிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

ஏற்பாடு சிக்கலானது அல்ல. நாலைந்து பிரதான சாலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உள்தெருக்களில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கார்களுக்கு வழியை அடைக்கிறார்கள். நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் தாராளமாகக் கடக்கலாம். சில இடங்களில் பேருந்தும் கடக்கலாம். உள்ளே இருக்கும் எந்த வீட்டு வாசலுக்கும் காரில் போக முடியும். பார்சல் வண்டி வரலாம், குப்பை வண்டி வரலாம், நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் டாக்சி வாசலில் வந்து நிற்கலாம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் முடியாது. வந்த பக்கமே திரும்ப வேண்டும். அந்தப் பகுதியில் எந்த வேலையும் இல்லாமல், சிக்னலில் காத்திருக்க மனமில்லாமல் உள்ளே புகுந்து பறக்கும் வண்டியைத்தான் இது தடுக்கிறது. 'போக்குவரத்து குறைந்த குடியிருப்புப் பகுதி' என்று ஆவணங்கள் சொல்லும், பேச்சில் எல்டிஎன்.

யோசனை பழையது. கார்கள் பெருகப்போவதை முன்கூட்டியே கணித்து, மக்கள் வாழும் பகுதிகளை ஊடுருவிச் செல்லும் வாகனங்களிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று காலின் புக்கானன் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளித்தது 1963இல். லண்டனின் பார்ன்ஸ்பரி, டி போவார் பகுதிகளில் 1970களிலேயே தெருக்களை அடைத்துவிட்டார்கள். அங்கே வளர்ந்த தலைமுறைக்கு அந்த அடைப்பு ஊரின் இயல்பான அமைப்பாகவே தெரியும். அதே லண்டனில் வால்தம் ஃபாரஸ்ட் மன்றம் வால்தம்ஸ்டோ வில்லேஜ் பகுதியில் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது. அதன் தொடக்க விழாவுக்கு எதிர்ப்பாளர்கள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து வந்தார்கள். ஊர் செத்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன சேதி. அந்தப் பகுதியின் ஆர்ஃபர்ட் சாலையில் இன்றும் கடைகள் நடக்கின்றன. மேசை நாற்காலிகளைத் தெருவில் போட்டு மக்கள் தேநீர் குடிக்கிறார்கள்.

பெரிய அளவில் இது பரவியது 2020இல். பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்திலும் ரயிலிலும் இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்ததால், மக்கள் ஒட்டுமொத்தமாகக் காருக்கு மாறிவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. மே மாதம் போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் நடைக்கும் சைக்கிளுக்கும் 25 கோடி பவுண்டு அவசர நிதி அறிவித்து, சில வாரங்களுக்குள் காரியத்தைத் தொடங்குமாறு மன்றங்களை முடுக்கினார். பரிசோதனை உத்தரவு என்றொரு சட்ட வழி இருந்தது. முதலில் தடுப்பை வைத்துவிடலாம். முதல் ஆறு மாதங்களுக்கு ஆட்சேபங்களைக் கேட்டுக்கொண்டு, பதினெட்டு மாதத்துக்குள் நிரந்தரமாக்குவதா நீக்குவதா என்று முடிவெடுக்கலாம். காலையில் கதவைத் திறந்தபோது தெரு அடைபட்டிருந்ததைக் கண்டவர்களுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் ஆறுதல் தரவில்லை. இன்றுவரை நீடிக்கும் கசப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தடுப்பு தேவைப்படும் நிலைக்குத் தெருக்களைக் கொண்டுவந்ததில் கைபேசி வரைபடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் குறுக்கு வழி என்பது உள்ளூர்க்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. 2013இல் கூகுள் வாங்கிய வேஸ் போன்ற செயலிகள் அதை வெளியூர்க்காரர் ஒவ்வொருவர் காதிலும் ஓதத் தொடங்கின. பிரதான சாலையில் நெரிசல் என்று தெரிந்த மாத்திரத்தில், அடுத்த இடது திருப்பத்தில் திரும்பு என்கிறது செயலி. அந்தத் திருப்பத்தில் பள்ளி இருக்கிறதா, முதியோர் இல்லம் இருக்கிறதா என்பது அதன் கணக்கில் இல்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்ற சிற்றூர் இதற்குக் கொடுத்த விலை உலகச் செய்தியானது. சுமார் 9,000 பேர் வாழும் ஊர். பக்கத்திலேயே நியூயார்க்குக்குள் நுழையும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், உலகிலேயே அதிக வாகனங்கள் கடக்கும் பாலம் அதுதான். பாலத்தில் நெரிசல் ஏற்பட்டாலே செயலிகள் வாகனங்களை லியோனியாவின் தெருக்களுக்குள் திருப்பிவிட்டன. வீட்டு வாசலிலிருந்து சொந்தக் காரை வெளியே எடுக்கவே மக்கள் திண்டாடினார்கள். 2018 ஜனவரியில் ஊராட்சி 60 தெருக்களைக் காலையிலும் மாலையிலும் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. உள்ளூர்க்காரர்களுக்கு மஞ்சள் அட்டை; மீறுபவருக்கு 200 டாலர் அபராதம். அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. லியோனியா பொதுச் சாலையை உள்ளூர்க்காரருக்கு மட்டும் உரியதாக்கியிருந்தது. லண்டனின் ஏற்பாடு பொதுவாக அப்படிப் பிரிப்பதில்லை. அந்தத் தெருவிலேயே குடியிருப்பவரும் கேமரா இருக்கும் இடத்தை வழக்கமாகக் கடக்க முடியாது. இந்தச் சமத்துவம்தான் அதன் அறநியாயம்.

தெருவில் வண்டி பெருகினால் என்ன இழப்பு? சத்தம், புகை, விபத்து ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. இன்னொரு இழப்பை டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் அளந்து காட்டினார். ஏறத்தாழ ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்கு 2,000 வாகனங்கள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் குடியிருந்தவர்களுக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். நெரிசல் மிகுந்த தெருவில் ஒருவருக்கு ஒரு நண்பர்கூடத் தேறவில்லை. அறிமுகமானவர்களின் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்திருந்தது. 'உங்கள் வீடு எது என்று வரைந்து காட்டுங்கள்' என்றபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வரைந்தார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் 1981இல் நூலாக வெளியிட்ட ஆப்பிள்யார்ட், அடுத்த ஆண்டு ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து பேசுவதும், பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுவதும், எதிர்வீட்டுப் பாட்டியைக் கண்காணித்துக்கொள்வதும் யாரும் திட்டமிட்டு உருவாக்கியவை அல்ல. தெரு அனுமதித்ததால் நடந்தவை. எங்கோ இருக்கும் அலுவலகத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டிய ஒருவருக்காக ஒரு தெருவே இவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் நியாயம் ஏதும் இல்லை.

பலன் என்ன? வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டனின் 113 பகுதிகளை எடுத்து, 2012 முதல் 2024 வரையிலான விபத்துப் பதிவுகளைப் பரிசீலித்தார்கள். அந்தப் பகுதிகளுக்குள் சாலைக் காயங்கள் 35 விழுக்காடு குறைந்திருந்தன; உயிரிழப்பும் படுகாயமும் 37 விழுக்காடு குறைந்திருந்தன. 600க்கும் மேற்பட்டோர் காயத்திலிருந்து தப்பியிருக்கிறார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. சுற்றியுள்ள பிரதான சாலைகளில் விபத்து அதிகரித்ததாகத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டிகள் தாமதமாகின்றன என்ற குற்றச்சாட்டையும் அதே பல்கலைக்கழகத்தினர் வால்தம் ஃபாரஸ்ட்டில் சோதித்தார்கள்; வண்டிகள் வந்து சேரும் நேரம் கூடவில்லை என்று கண்டார்கள். சாலைப் பாதுகாப்புக்காக அரசுகள் செய்யும் செலவுகளில் இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு பலன் தருபவை அரிது. நாலு தொட்டியும் ஒரு கேமராவும்தானே செலவு!

தொட்டி, இரும்புக் கம்பம் போதாதா, கேமரா எதற்கு என்று கேட்கலாம். கம்பத்துக்கு மின்சாரம் வேண்டாம், அபராதமும் இல்லை. யாரையும் ஏமாற்றிவிட்டது என்ற பழியும் வராது. ஆனால் கம்பம் ஆம்புலன்சையும் மறிக்கும். பூட்டைத் திறக்கச் சாவி தேடும் ஒவ்வொரு நொடியும் ஓர் உயிரின் விலையாகலாம். கேமரா இருக்கும் இடத்தில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வேகத்தைக் குறைக்காமல் கடந்துவிடுகின்றன. இன்னொரு காரணத்தை ஆக்ஸ்ஃபர்ட் கற்றுக்கொடுத்தது. அந்நகரின் கிழக்குப் பகுதியில் 2022இல் நட்ட தடுப்புக் கம்பங்களைச் சிலர் காரால் இடித்தார்கள், பிடுங்கி எறிந்தார்கள், தீ வைத்தார்கள். நட நடப் பிடுங்கினார்கள். சலித்துப்போன கவுன்டி மன்றம் சில இடங்களில் கம்பத்துக்குப் பதிலாகக் கேமராவைப் பொருத்தியது.

நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் இந்தக் கருவி பிரிட்டனிலேயே பிறந்தது. 1976இல் காவல் துறையின் அறிவியல் பிரிவு உருவாக்கியது. கடந்து போகும் வண்டியின் எண்ணைக் கேமரா படித்து, விலக்குப் பெற்றோர் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லை என்றால் வீடியோத் துணுக்கு மன்றத்தின் அலுவலருக்குப் போகிறது. அவர் பார்த்து உறுதி செய்த பிறகு, வாகனப் பதிவு ஆணையத்திடம் உரிமையாளரின் முகவரி பெற்றுக் கடிதம் அனுப்பப்படுகிறது. தீர்ப்பாயத்தில் முறையிட வழி உண்டு. லண்டனுக்கு வெளியே இருக்கும் மன்றங்களுக்கு இந்த அதிகாரம் 2022 மே மாத இறுதியில்தான் கிடைத்தது. அங்கே ஒரு நல்ல வழக்கத்தையும் சேர்த்தார்கள். புதிய இடத்தில் முதல் ஆறு மாதங்களுக்கு, ஒருவரின் முதல் தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே போகும். லண்டனும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம், அந்த வட்டப் பலகையின் பொருள் பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது. சத்தமும் கார்களும் நிறைந்த சந்திப்பில், மழையில், முன்பின் பார்த்திராத தெருவில் நுழையும் ஒரு வெளியூர்க்காரரிடம் முதல் நாளே 160 பவுண்டு பறிப்பது திருத்தும் வேலை ஆகாது.

பணம் என்று வரும்போதுதான் மக்களின் நம்பிக்கை உடைகிறது. தெற்கு லண்டனின் லாம்பெத் மன்றம் 2024இல் வெஸ்ட் டல்விச்சில் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. குடியிருப்போர் 53 பக்கத்துக்குத் தங்கள் கவலைகளை எழுதி மன்றத்திடம் கொடுத்திருந்தார்கள். போக்குவரத்து எங்கே திரும்பும், எந்தச் சாலையில் காற்று கெடும் என்றெல்லாம் அதில் இருந்தது. முடிவெடுக்கும்போது மன்றம் அதைப் பரிசீலிக்கவே இல்லை. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் இது கடுமையான தவறு என்று சொல்லி, கட்டுப்பாடு சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அபராதமாக 10 லட்சம் பவுண்டுக்கு மேல் வசூலாகியிருந்தது. 53 பக்கங்களைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலையைச் செலவிடாததால், நல்ல நோக்கமுள்ள ஒரு திட்டம் பணம் பிடுங்கும் ஏற்பாடு என்று பெயரெடுத்தது. எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சாலைக் கட்டணங்களும் அபராதங்களும் மன்றத்தின் கஜானாவை நிரப்பும் வழியல்ல. வாகன நிறுத்தக் கட்டணத்தை வருமானத்துக்காக உயர்த்திய பார்னெட் மன்றத்தை 2013இல் உயர் நீதிமன்றம் அதற்காகவே கண்டித்தது. மிஞ்சும் பணத்தைப் பொதுப் போக்குவரத்து, சாலை மேம்பாடு போன்ற வேலைகளுக்குத்தான் செலவிட வேண்டும். ஆனால் எந்தக் கேமராவில் எவ்வளவு வந்தது, எந்தச் சாலைக்கு எவ்வளவு போனது என்று அந்தத் தெருவில் நடப்பவருக்கு யார் சொல்கிறார்கள்? ஒரு கேமரா நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், அதன் வசூல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதுதான். இரண்டாம் ஆண்டிலும் ஒரு கேமராவில் அபராதம் குறையாமல் கொட்டுகிறது என்றால், பலகை கண்ணில் படவில்லை அல்லது தெருவின் அமைப்பு தவறு. அந்த இடத்தை மாற்றி அமைப்பது மன்றத்தின் பொறுப்பு. ஓட்டுநரைத் தொடர்ந்து தண்டித்துக்கொண்டிருப்பது அதற்கு மாற்றாகாது.

காரைத் தவிர வேறு வழி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஒரே நாளில் ஏழெட்டு முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி உடுத்திவிடும் பராமரிப்புப் பணியாளர். இவர்களுக்குச் சுற்றுவழி என்பது வலியும் கூலி இழப்பும். உடற்குறையுள்ளோருக்காக இயங்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் ஆல் அமைப்பு 2021 தொடக்கத்திலேயே இதைத் தனி அறிக்கையாக எழுதியது. அதன் பிறகுதான் ஹாக்னி, லாம்பெத் போன்ற மன்றங்கள் உடற்குறையுள்ளோருக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு அளித்தன. கேமராவின் பெரிய நன்மையே இதுதான்: யாருக்கு வழி விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்க முடியும், இரும்புக் கம்பத்துக்கு முடியாது. அப்படி இருந்தும் முதல் நாளிலிருந்தே அந்தப் பட்டியலில் இவர்களைச் சேர்க்காதது மன்றங்கள் செய்த பெரும் பிழை. பராமரிப்புப் பணியாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

லண்டன் தமிழர்களுக்கு இந்த விவகாரம் நேரடியாகவே தெரியும். இலங்கைத் தமிழர்கள் நிறைந்த டூட்டிங்கில் வான்ட்ஸ்வொர்த் மன்றம் 2020இல் உள்தெருக்களை அடைத்தது, செப்டம்பரிலேயே நிறுத்திவைத்தது. இல்ஃபர்ட் பக்கத்தில் ரெட்பிரிட்ஜ் மன்றம் கொண்டுவந்தவையும் அதே ஆண்டில் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டன. ஹாரோ மன்றம் 2021இல் தன்னுடையவற்றை நீக்கியது. மூன்று இடங்களிலும் போதிய காலம் நடத்திப் பார்க்கவே இல்லை. டூட்டிங்கை ஒருமுறை நடந்து பார்த்தால் எதிர்ப்பின் காரணம் விளங்கும். காய்கறிக் கடைகளும் நகைக்கடைகளும் உணவகங்களும் முத்துமாரி அம்மன் கோயிலும் இருப்பது உள்தெருவில் அல்ல. ஏ24 என்ற எண் கொண்ட பிரதான சாலையில். உள்தெருவிலிருந்து விரட்டப்படும் ஒவ்வொரு காரும் அங்கேதான் வந்து நிற்கும் என்று கடைக்காரர் அஞ்சினால், அது வெறும் பிடிவாதம் இல்லை.

இந்த விவாதத்தின் கனமான கேள்வியும் அதுதான். விரட்டப்படும் வண்டி எங்கே போகிறது?

ஒரு பகுதி உண்மையிலேயே காணாமல் போகிறது. சாலையின் கொள்ளளவு குறைக்கப்பட்ட 70க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை 11 நாடுகளிலிருந்து திரட்டி, சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீஃபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் ஆகிய மூவர் 2002இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பாதி நிகழ்வுகளில், முன்பு அந்தச் சாலையைப் பயன்படுத்திய வாகனங்களில் 11 விழுக்காட்டுக்கும் அதிகமானவை சுற்றுவட்டாரத்தில் எங்குமே தென்படவில்லை. மக்கள் நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், பக்கத்துக் கடைக்கு நடந்து போகிறார்கள். லண்டனின் 11 மன்றங்களில் 46 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. உள்தெருக்களில் வாகனங்கள் சராசரியாகப் பாதிக்கு அருகில் குறைந்தன. எல்லையில் இருக்கும் பிரதான சாலைகளில் சராசரி மாற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

சராசரி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த எல்லைச் சாலைகளில் ஏறத்தாழ பாதியில் வாகனம் குறைந்தது, மீதிப் பாதியில் கூடியது. கூடிய சாலையில் குடியிருப்பவரிடம், வேறொரு சாலையில் குறைந்திருக்கிறது, கூட்டிக் கழித்தால் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? பிரதான சாலையை ஒட்டிய வீடுகளுக்கு வாடகை குறைவு. வசதி குறைந்தவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். லூயிஷம் பகுதியில் சவுத் சர்குலர் சாலையை ஒட்டி வாழ்ந்த எல்லா அடூ கிஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி, 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி ஒரு பதிவு அதுவே முதல் முறை. அவளுடைய தாய் ரோசமண்ட் இன்று தூய காற்றுக்காகப் போராடுபவர்களில் முதன்மையானவர். உள்தெருக்களிலிருந்து விலக்கப்படும் வாகனங்கள் பிரதான சாலைக்கு வருவதைப் பற்றி அவரும் கவலை தெரிவித்திருக்கிறார். தூய காற்றுக்காகவே போராடும் ஒருவரின் கவலையைக் கார் மோகம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

2023 அக்டோபரில் லாம்பெத் மன்றம் ஸ்ட்ரெத்தம் வெல்ஸ் பகுதியில் உள்தெருக்களுக்குத் தடை போட்டது. பக்கத்து ஸ்ட்ரெத்தம் ஹை ரோட்டில் அதே காலத்தில் சாலைப் பணிகளும் நடந்தன. பேருந்துகள் ஊர்ந்தன. பயணிகள் இறங்கி நடந்தார்கள். கார் இல்லாதவர்கள் ஏறுவது பேருந்தில்தான்; காரைக் குறைக்க வந்த திட்டத்தில் அவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள். மேயர் சாதிக் கான் தலையிட்ட பிறகு, 2024 மார்ச்சில் மன்றம் தடையை நிறுத்திவைத்தது.

இந்தத் தோல்வி தற்செயல் அல்ல. லண்டனில் குடியிருப்புத் தெருக்கள் உள்ளூர் மன்றத்தின் கையில் இருக்கின்றன. முக்கியமான பிரதான சாலைகளும் பேருந்துகளும் மேயரின் கீழ் இயங்கும் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' அமைப்பின் கையில். நகரத்தின் சாலை நீளத்தில் 5 விழுக்காடுதான் அந்த அமைப்பிடம் இருக்கிறது. ஆனால் நகரப் போக்குவரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில்தான் ஓடுகிறது. தெருவை அடைப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். அபராதம் மன்றத்துக்குப் போகிறது. தாமதம் பேருந்துப் பயணிக்குப் போகிறது. தடை விதிக்கும் அதே நாளில் அந்த முக்கியமான பிரதான சாலைகளில் பேருந்துக்குத் தனித் தடம் போட மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் போட்டால்தான் இது நடக்கும்.

அரசியல்வாதிகள் இந்த வேலையைச் செய்யாமல் கொடி பிடித்தார்கள். 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக், தான் கார் ஓட்டுநர்களின் பக்கம் என்று அறிவித்து மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்த அந்த ஆய்வில், கணக்கெடுத்த நான்கு பகுதிகளில் குடியிருப்போரில் 45 விழுக்காட்டினர் ஆதரவு, 21 விழுக்காட்டினர் எதிர்ப்பு என்று தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தாங்கள் அப்படியொரு பகுதியில் வாழ்கிறோம் என்பதே தெரியவில்லை. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸில் லுட்ஃபுர் ரஹ்மான் 2022இல் இந்தத் தடைகளை நீக்குவேன் என்று வாக்குறுதி அளித்து மேயரானார். ஆக்ஸ்ஃபர்டிலோ, ஆறு சாலைகளில் கேமரா வைக்கும் திட்டம் மக்களை அவரவர் பேட்டைக்குள் பூட்டிவைக்கும் சதி என்ற வதந்தியாக மாறி, 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஆக்ஸ்ஃபர்ட்வாசிக்கு ஆண்டில் 100 நாட்கள் அந்த இடங்களைக் காரில் கடக்க அனுமதி உண்டு என்ற தகவல் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

பெல்ஜியத்தின் ஹென்ட் நகரம் இதே பாதையைக் கடந்து வந்திருக்கிறது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் அந்நகரம், 2017 ஏப்ரல் 3ஆம் தேதி தன் மையப் பகுதி முழுவதையும் ஒரே நாளில் பல வட்டாரங்களாகப் பிரித்தது. ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்ததற்குக் காரில் போக வேண்டுமென்றால் வெளியே சுற்றுச்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். எல்லைகளில் கேமரா காவல் காக்கிறது. பேருந்து, டிராம், டாக்சி, ஆம்புலன்சு ஆகியவற்றுக்கு நேர்வழி. பொறுப்பேற்றிருந்த துணை மேயர் ஃபிலிப் வாட்டியூவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகும் அவரே அந்தப் பொறுப்பில் தொடர்ந்தார். ஹென்ட் ஒரு தெருவை எடுத்து அடுத்த தெருவிடம் பாரத்தைத் தள்ளவில்லை. நகரம் முழுவதற்குமான ஒரே திட்டத்தை, ஒரே நிர்வாகம், முன்கூட்டியே மக்களிடம் பேசி, ஒரே நாளில் தொடங்கியது. லண்டன் அளவில் பெரிது என்பது உண்மை. அதனாலேயே அங்கே மேயருக்கும் மன்றங்களுக்கும் இடையே ஒருங்கிணைப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆகவே லண்டன் மன்றங்கள் கேமராவைக் கழற்ற வேண்டியதில்லை. டூட்டிங்கிலும் இல்ஃபர்டிலும் அவசரத்தில் கைவிட்டவற்றையும் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம், இந்த முறை வரிசையை மாற்றி. முதல் கேமராவைப் பொருத்துவதற்கு ஆறு மாதம் முன்பே எல்லைச் சாலைகளில் வாகன எண்ணிக்கைக் கருவியும் காற்று மாசு அளவியும் நிற்க வேண்டும். அவற்றின் அளவுகள் வாரந்தோறும் பொதுவெளியில் வர வேண்டும். பேருந்துத் தடமும் பாதசாரிக் கடப்பும் தடையோடு சேர்ந்தே திறக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பகுதியின் அபராதப் பணமும் அந்தப் பகுதியின் எல்லைச் சாலைக்கே போக வேண்டும். சிறுமி எல்லா வாழ்ந்த சவுத் சர்குலர் பல இடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடங்கள் கொண்ட சாலை. சாதாரணத் தெருக்களை ஒட்டவைத்து நெடுஞ்சாலை என்று பெயரிட்டது போன்றது. அதன் ஓரத்தில் பள்ளிகள் இருக்கின்றன, அடுக்குமாடிகள் இருக்கின்றன. லூயிஷம் மன்றமும் மேயர் அலுவலகமும் சேர்ந்து தொடங்குவதற்கு ஓர் இடம் தேட வேண்டியதில்லை.